குடும்பப்பெயர் தெரியாத நண்பன்

(‘இல் சொர்பாஸ்ஸோ’ திரையிடலுக்குப் பின், திரைப்பட ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்றுமுன் நாம் பார்த்த ‘இல் சொர்பாஸ்ஸோ’ 1962 டிசம்பரில் இத்தாலியில் வெளிவந்த படம். இயக்கியவர் டினோ ரீசி. சாலையில் முன்னே போகும் வண்டியை முந்திச் செல்வதுதான் தலைப்பின் பொருள். இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், வேகம் கொல்லும் என்று எச்சரிக்கும் படம் இது, பணம் வந்ததும் தலைகால் புரியாமல் ஆடிய இத்தாலிக்குக் கொடுத்த அடி இது என்று சொல்வார்கள். கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படித்தான் படும். அந்தக் கருத்தை மறுக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு இரண்டே நாளில் எவ்வளவு கொடுத்துவிட முடியும், கொடுக்கிற அதே கையால் எதைப் பறித்துக்கொள்கிறான் என்பதுதான் இந்தப் படம் பேசும் விஷயம். வேகமும் காரும் விபத்தும் அதைச் சொல்ல ரீசிக்குக் கிடைத்த கருவிகள்.

முதல் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். ஆகஸ்ட் 15. இத்தாலியர்கள் ஃபெர்ரகோஸ்தோ என்று கொண்டாடும் நாள். பேரரசர் அகஸ்டஸ் காலத்து விடுமுறையின் மிச்சமும், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டவை. அன்று ரோம் நகரத்தில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். எல்லோரும் கடற்கரைக்கும் மலைக்கும் போய்விடுவார்கள். கடைகளுக்குக் கதவடைப்பு. அந்த வெறிச்சோடிய தெருக்களில் ஒருவன் திறந்த காரை ஓட்டிக்கொண்டு அலைகிறான். அவனுக்கு வேண்டியது சிகரெட்டும் ஒரு தொலைபேசியும். அவன்தான் புரூனோ கொர்தோனா. பல்துயினா பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில், ஜன்னலோரம் ஓர் இளைஞன் தலைகாட்டுகிறான். சட்டம் படிக்கும் மாணவன் ரொபெர்த்தோ மரியானி. ஊரே விடுமுறைக்குப் போயிருக்க, தேர்வுக்குப் படிக்கிறேன் என்று தனியாக உட்கார்ந்திருப்பவன். ‘எனக்காக ஒரு போன் செய்வாயா?’ என்று கீழேயிருந்து கேட்கிறான் புரூனோ. ‘மேலே வந்து நீங்களே பேசிக்கொள்ளுங்கள்’ என்கிறான் ரொபெர்த்தோ. படத்தில் நடக்கப்போகிற எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் வாசல். கதவைத் திறந்துவிட்டது ரொபெர்த்தோதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புரூனோ வலிய வந்து நுழைந்தவன் என்றே பலரும் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். அதே 1962இல்தான் மிக்கேலாஞ்செலோ அந்தோனியோனியின் ‘லெக்லிஸ்ஸே’ வந்தது. அந்தப் படம் முடிகிற இடத்திலும் ரோம் நகரின் ஆளற்ற தெருமுனைகள்தான். காதலர்கள் சந்திப்பதாகச் சொன்ன இடத்துக்கு இருவருமே வருவதில்லை. வெற்றுத் தெருவை மட்டும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தோனியோனி முடித்த அதே வெறுமையில் ரீசி தன் படத்தைத் தொடங்குகிறார். ஆனால் அவருடைய தெருவில் ஒரு கார் வருகிறது, ஹாரன் அலறுகிறது, முன்பின் தெரியாத இருவர் பேசிக்கொள்கிறார்கள். ரீசிக்கு இந்த ஒப்பீடு தெரிந்தே இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் புரூனோவே அந்தோனியோனியைப் பற்றிப் பேசுகிறான். காருக்குள் இசைத்தட்டுக் கருவி வைத்திருக்கிறான். அதில் தொமெனிக்கோ மொதுஞ்ஞோவின் பாட்டொன்றைப் போட்டுவிட்டு, தனிமை, ஒருவரோடொருவர் பேச இயலாமை என்று அன்றைய அறிவாளிகள் வாயில் புழங்கிய சொற்களை எல்லாம் எடுத்து அதன்மேல் வைக்கிறான். அடுத்த மூச்சிலேயே, ‘லெக்லிஸ்ஸே’ பார்த்தாயா, நான் நன்றாகத் தூங்கினேன் என்கிறான். அந்தோனியோனி நல்ல இயக்குநர் என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். எதற்காக? அவரிடம் அருமையான லான்சியா ஃப்லமீனியா கார் இருக்கிறது, ஒருமுறை நேர்ச்சாலையில் என்னைத் திணறடித்துவிட்டார் என்பதற்காக. அரங்கத்தில் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அவன் போட்ட அந்தப் பாட்டோ, பழைய கோட்டு அணிந்த ஒருவன் இரவில் தனியே நடந்துபோய் ஆற்றில் சாவதைப் பற்றியது. சிரிப்பும் சாவும் ஒரே இசைத்தட்டில் சுழல்கின்றன. கடைசிக் காட்சியில் வரும் விபத்தை ‘திருப்பம்’ என்று சொல்வதை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம்.

இப்போது அந்தக் காரைப் பற்றி. லான்சியா அவுரேலியா பி-24. பினின்ஃபரீனா வடிவமைத்த வண்டி. வி வடிவில் ஆறு சிலிண்டர் கொண்ட என்ஜின். அவுரேலியா வரிசைதான் அந்த வகை என்ஜினைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1950களின் நடுவில், பணமும் ரசனையும் உள்ளவர்கள் வாங்கிய நேர்த்தியான கார். புரூனோவிடம் இருப்பது அந்த நேர்த்தியெல்லாம் அடிபட்டுப்போன ஒன்று. ஒரு பக்கத்தில் பட்டி பூசி, மேலே வண்ணம் அடிக்காமலே விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைக் கறுப்பு வெள்ளையிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எப்போதோ மோதியிருக்கிறான், சரிசெய்யத் தொடங்கியிருக்கிறான், முடிக்கவில்லை. புரூனோவின் வாழ்க்கை வரலாறு முழுவதும் அந்தத் தகட்டின்மேல் இருக்கிறது. மனைவியை விட்டுப் பிரிந்தவன், மகள் வளர்ந்ததைப் பார்க்காதவன், நிலையான தொழில் இல்லாதவன் என்பதெல்லாம் பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது. காரோ முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டது.

அந்தக் கார் ஓடும் சாலையும் அதே பெயர் கொண்டதுதான். வியா அவுரேலியா: ரோமிலிருந்து திர்ரேனியக் கடலோரமாக வடக்கே போகும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுள்ள சாலை. லான்சியா நிறுவனம் பழைய ரோமானியச் சாலைகளின் பெயர்களைத் தன் கார்களுக்கு வைத்துவந்தது. 1962இல் இந்தச் சாலையின் பெரும்பகுதி, போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று இருந்தது. முன்னே போகும் வண்டியை முந்த வேண்டுமானால் எதிரே வருகிறவனின் தடத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் பெரிய விரைவுச்சாலை 1956இல் தொடங்கி 1964இல்தான் முடிந்தது. ஆனால் ஃபியட் 600 என்ற சிறிய கார் 1955லேயே வந்துவிட்டது. 1957இல் அதைவிடச் சிறிய ஃபியட் 500. தவணைமுறையில் கார் வாங்கிய குடும்பங்கள் எல்லாம் பழைய குறுகலான சாலைகளுக்கு வந்து சேர்ந்தன. கார்கள் சாலையை முந்திவிட்ட காலம் அது. ஒவ்வொரு ஓவர்டேக்கும் எதிரே வருகிறவனை நம்பிச் செய்யும் செயல்.

1958க்கும் 1963க்கும் இடைப்பட்ட இந்த ஆண்டுகளைத்தான் இத்தாலியர்கள் பொருளாதார அதிசயம் என்கிறார்கள். போரில் தோற்று, இடிபாடுகளில் கிடந்த நாடு குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் ஸ்கூட்டரும் வாங்கியது. 1960இல் ரோமில் ஒலிம்பிக் நடந்தது. ரீசியும், உடன் எழுதிய எத்தோரே ஸ்கோலாவும் ருஜ்ஜேரோ மக்காரியும் இதையெல்லாம் ஒரு வரிகூட விளக்கவில்லை. எல்லாவற்றையும் சாலையோரத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வியர்த்து மிதிக்கும் சைக்கிள்காரனைப் பார்த்து, வெஸ்பா வாங்கிக்கொள் என்று கத்திவிட்டுப் போகிறான் புரூனோ. பழுதான காரோடு நிற்கும் வெளிநாட்டுப் பாதிரியார்கள் லத்தீனில் உதவி கேட்க, இவனும் அரைகுறை லத்தீனில் இல்லை என்கிறான். சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது. சரக்கு, குளிர்பதனப் பெட்டிகள். பக்கத்திலே பிணம் கிடக்கிறது. புரூனோ விலை பேசப் பார்க்கிறான். ஒரு நாட்டின் செழிப்பு தரையில் சிதறிக் கிடக்கும் காட்சி இது. அதை ரீசி அடிக்கோடிடாமல், அடுத்த வளைவுக்குப் போகிற போக்கில் காட்டிவிட்டு நகர்கிறார். அந்தத் தன்னடக்கத்துக்காகவே அவரைப் பெரிய கலைஞர் என்பேன்.

ரீசி மிலானில் 1916இல் பிறந்தவர். மருத்துவம் படித்து, மனநோய் மருத்துவத்தின் பக்கம் போய், அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர். மனிதர்களை அவர் தீர்ப்பளிக்கும் கண்ணோடு பார்ப்பதில்லை. நோயாளி தன்னைத் தானே சொல்லட்டும் என்று காத்திருக்கும் மருத்துவரின் பொறுமை அவரிடம் இருக்கிறது. அந்தப் பொறுமை முழுமையாகப் பலன் தருவது க்ரொஸ்ஸேத்தோ பக்கத்தில் ரொபெர்த்தோவின் உறவினர் வீட்டுக்குப் போகும் பகுதியில்தான். படத்தின் இதயம் அதுதான் என்பது என் துணிபு.

சிறுவயதில் ரொபெர்த்தோ கோடை விடுமுறைகளைக் கழித்த பண்ணை வீடு. அவன் நினைவில் அது ஒரு சொர்க்கம். அங்கே இருந்த அத்தையின்மேல் அவனுக்குப் பிள்ளைப் பருவத்து மையல் இருந்தது. தயங்கித் தயங்கித்தான் அந்த வீட்டுக்கு வண்டியைத் திருப்பச் சொல்கிறான். உள்ளே போன சில நிமிடங்களில் புரூனோ வீட்டையே தன் வசமாக்கிவிடுகிறான். ஆண்டுக்கணக்கில் வராமல் இருந்துவிட்டு வந்திருக்கும் சொந்தப் பிள்ளையைவிட, வழியில் வந்தவனிடம்தான் எல்லோரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். அதோடு முடியவில்லை. ரொபெர்த்தோவின் ஒன்றுவிட்ட சகோதரன், வழக்கறிஞன் ஆல்ஃப்ரெதோ. அவனுடைய பேச்சும் முகச்சாயலும் கையசைவும் பண்ணைக் காரியக்காரருடையவை என்று புரூனோ ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறான். யாருடைய பிள்ளை யார் என்பது அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். அத்தனை கோடைக்காலங்கள் அங்கேயே ஓடி விளையாடிய ரொபெர்த்தோவுக்கு மட்டும் தெரியவில்லை.

காரில் திரும்பி ஏறும்போது ரொபெர்த்தோவின் குழந்தைப் பருவம் கலைந்துபோயிருக்கிறது. புரூனோ அதைக் கொடுமை செய்யும் எண்ணத்தோடு கலைக்கவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னான், அவ்வளவுதான். இங்கேதான் இந்த இருவரின் பொருத்தமின்மை ஆழமாகிறது. ஒருவன் கலகலப்பானவன், ஒருவன் கூச்சக்காரன் என்பது மேல்தோல் வேறுபாடு. புரூனோ மற்றவர்களை ஊடுருவிப் பார்ப்பான், தன்னைப் பார்க்கமாட்டான். ரொபெர்த்தோ ஓயாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பான், மற்றவர்களைப் பார்த்ததில்லை. அவன் மனத்துக்குள் பேசுவதை நாம் படம் நெடுகக் கேட்கிறோம். எப்படி இவனிடமிருந்து கழன்றுகொள்வது, இப்போது என்ன சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று அந்தக் குரல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. புரூனோவுக்கு அப்படி ஒரு குரல் தரப்படவில்லை. அவனுக்குள்ளே பேச ஆளே இல்லையோ என்ற ஐயத்தை ரீசி நம்மிடம் விட்டுவிடுகிறார்.

காஸ்திலியோன்செல்லோ என்ற கடலோர ஊரில் பழிக்குப் பழி போல நிலைமை மாறுகிறது. அங்கே புரூனோவின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் 1970இல்தான் வந்தது. ஆகவே இவர்கள் பிரிந்து வாழ்ந்தாலும் சட்டப்படி தம்பதிதான். மகள் லில்லி, தன்னைவிட எத்தனையோ வயது மூத்த பணக்காரத் தொழிலதிபரை மணக்கப்போகிறாள். புரூனோவுக்கு அதைப் பொறுக்கமுடியவில்லை. ஆனால் தடுக்க அவனுக்கு என்ன உரிமை? உறுதியாக நிற்கும் ஒருவரை அந்தப் பெண் தேடிக்கொண்டாள். ஏன் தேடினாள் என்பது நம் எல்லோருக்கும் புரிகிறது, புரூனோவுக்கும் புரிகிறது. இந்த முறை பார்த்துக்கொண்டிருப்பவன் ரொபெர்த்தோ. பண்ணை வீட்டில் தனக்கு நேர்ந்தது இங்கே புரூனோவுக்கு நேர்வதை அவன் பார்க்கிறான். கேலி செய்யவில்லை. அந்த இரவில்தான் இவர்கள் நண்பர்கள் ஆகிறார்கள் என்று நினைக்கிறேன்.

லில்லியாக நடித்த காத்தரின் ஸ்பாக்குக்கு அப்போது வயது 17 தான். சிறிய பாத்திரம், குறைந்த காட்சிகள். தந்தையை முழுதாக அளந்து வைத்திருக்கும், அதனாலேயே அவர்மேல் கோபப்படாத ஒரு மகளை அவர் எளிதாகக் கண்முன் நிறுத்திவிட்டார்.

புரூனோவாக நடித்த விட்டோரியோ காஸ்மனைப் பற்றித் தனியாகவே ஒரு மாலை பேசலாம். ஹாம்லெட்டாகவும் ஒதெல்லோவாகவும் மேடையில் நின்ற பெரும் நாடக நடிகர். 1958இல் மாரியோ மொனிச்செல்லியின் ‘ஈ சோலித்தி இஞ்ஞோத்தி’ படத்தில் நகைச்சுவைக்கு வந்தபோது, அவருடைய அழகான முகத்தை ஒப்பனையால் மாற்றி, திக்கிப் பேசும் குத்துச்சண்டைக்காரனாக்கினார்கள். ‘இல் சொர்பாஸ்ஸோ’வில் அவர் தன் சொந்த முகத்தோடு வருகிறார். புரூனோ வாழ்க்கையையே மேடையாக்கிக்கொண்டவன். எதிரே ஒருவராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவனால் மூச்சுவிட முடியும். நாடக மேடையின் அத்தனை ஆற்றலையும் காஸ்மன் அந்தத் தேவைக்குள் கொட்டினார். சில கணங்களில், யாரும் பார்க்காதபோது, முகம் சட்டென்று தளர்கிறது. அந்தச் சில கணங்களுக்காகவே அவர் இந்தப் பாத்திரத்தில் நிலைத்துவிட்டார். ஒலியை எல்லாம் அவர் எடுத்துக்கொள்ள, ரொபெர்த்தோவாக நடித்த ழான் லூயி த்ரந்தின்யான் மௌனத்தை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுக்காரரான அவருக்கு இத்தாலியக் குரல் கொடுத்தவர் பாவுலோ ஃபெர்ராரி. குரல் தன்னுடையது இல்லாதபோதும், தோளின் இறுக்கமும் உதட்டோரம் தயங்கித் தோன்றும் சிரிப்புமாக ஒரு மனிதனை உருவாக்கிக் காட்டினார்.

படத்தின் முடிவுக்கு வருகிறேன். தயாரிப்பாளர் மாரியோ செக்கி கோரிக்கு விபத்தில் முடிவது பிடிக்கவில்லை. புரூனோவும் ரொபெர்த்தோவும் காரில் போய்க்கொண்டே இருப்பதோடு படத்தை முடிக்கலாம் என்பது அவர் விருப்பம். நாளை மழை பெய்தால் விபத்துக் காட்சியை எடுக்கவேண்டாம், வெயில் அடித்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று தானும் அவரும் ஒப்பந்தம் செய்துகொண்டதாக ரீசி பிற்காலத்தில் சொல்லிவந்தார். மறுநாள் வெயில் அடித்தது. லிவோர்னோவுக்குத் தெற்கே கலஃபூரியா கடற்பாறைகளின் மேல் அந்தக் காட்சி எடுக்கப்பட்டது.

அந்தக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் நடப்பதைக் கவனித்தீர்களா? தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த இரண்டு நாட்கள் இவை என்று ரொபெர்த்தோ சொல்கிறான். முதன்முறையாக அவன் சத்தமாகச் சிரிக்கிறான், கையை ஆட்டுகிறான், ‘போ, போ’ என்று புரூனோவைத் தூண்டுகிறான். நேற்றுக் காலையில் வேகத்தைக் கண்டு இருக்கையைப் பிடித்துக்கொண்டவன் அவன். இன்றோ முந்தச் சொல்லிக் கத்துகிறவன் அவன்தான். வளைவில் எதிரே லாரி வருகிறது. புரூனோ காரிலிருந்து தூக்கி எறியப்பட்டுப் பிழைக்கிறான். ரொபெர்த்தோ காரோடு பாறைகளில் விழுகிறான்.

வேகத்துக்குத் தண்டனை என்பது படத்தின் கருத்தாக இருந்தால் செத்திருக்க வேண்டியவன் புரூனோ. பாடம் புகட்டும் எந்தக் கதையும் குற்றவாளியை விட்டுவிட்டு மாணவனைக் கொல்லாது. இங்கே சாகிறவன், கற்றுக்கொண்டவன். புரூனோவிடம் இருந்தது மகிழ்ச்சி, அச்சமின்மை, கண்முன் இருப்பதைப் பார்க்கும் கூர்மை. ரொபெர்த்தோ அவற்றை உண்மையாகவே பெற்றான். அவை பொய்யல்ல. அந்த இரண்டு நாட்கள் அவன் வாழ்க்கையின் சிறந்த நாட்கள் என்பதும் பொய்யல்ல. ஆனால் எங்கே நிறுத்துவது என்பது மட்டும் புரூனோவுக்கே தெரியாது. தனக்கே தெரியாததை அவன் எப்படிக் கற்றுத்தந்திருப்பான்? காவலர் வந்து இறந்தவர் யார் என்று கேட்கும்போது, பெயர் ரொபெர்த்தோ, குடும்பப்பெயர் தெரியாது, நேற்றுக் காலைதான் பழக்கம் என்கிறான். அந்தப் பதிலில் அலட்சியம் துளியும் இல்லை. குழந்தைப் பருவத்து வீடு, முதல் மையல், ஜன்னலுக்கு எதிர்வீட்டில் இருந்தும் அவன் பேசத் துணியாத வலேரியா என்று ரொபெர்த்தோவைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாததெல்லாம் புரூனோவுக்குத் தெரியும். பதிவேட்டில் எழுத வேண்டிய ஒன்று மட்டும் தெரியவில்லை. நட்பு எவ்வளவு உண்மையாக இருந்தது, எவ்வளவு குறுகியதாக இருந்தது என்ற இரண்டையும் அந்த ஒரு பதில் சொல்லிவிடுகிறது.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பண்ணை வீட்டு வேலைக்காரரின் பட்டப்பெயரை வைத்து, அவர் ஒருபால் விருப்பம் கொண்டவர் என்பதை நகைப்புக்கிடமாக்கும் இடம் இன்று உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். வழியில் வரும் பெண்களில் பலர் புரூனோவின் பார்வைக்கு இலக்காவதற்கு மேல் வளர்வதில்லை. மனைவியும் மகளும் மட்டும் அதிலிருந்து தப்பித்திருக்கிறார்கள். ரீசியின் கூர்மை எல்லாப் பக்கமும் சமமாகப் பாயவில்லை.

ஆனாலும், சிரிக்க வைத்துக்கொண்டே சாவின் விளிம்பு வரை கூட்டிச் செல்லும் அன்றைய இத்தாலிய நகைச்சுவைப் படங்களில் இதற்கு இணையாக நான் எதையும் வைக்கமாட்டேன். ரீசியும் காஸ்மனும் 1974இல் சேர்ந்து தந்த ‘ப்ரோஃபூமோ தி தொன்னா’வையும் பாருங்கள். பார்வையிழந்த முரட்டு ராணுவ அதிகாரியும் அவருக்குத் துணையாகப் பயணம் செய்யும் இளைஞனும் அந்தப் படத்தில் வருகிறார்கள். அல் பசினோ நடித்து 1992இல் வந்த ஹாலிவுட் படம் அதன் மறு ஆக்கம்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை உங்கள் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் காட்டுங்கள். சாலைப் பாதுகாப்புப் பாடமாகக் காட்டாதீர்கள். புரூனோவின் கலகலப்பை ரசிக்கச் சொல்லிக் காட்டுங்கள், முடிந்ததும் ரொபெர்த்தோவைப் பற்றி அவர்களோடு பேசுங்கள்.